அந்த ‘அது’ என்ன? மீட் லோஃப் பாடிய காதல் பாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

1993-இல் அமெரிக்க ராக் பாடகர் மீட் லோஃப் பாடி வெளிவந்த ‘ஐட் டூ எனிதிங் ஃபார் லவ் (பட் ஐ வோன்ட் டூ தட்)’. தமிழில் சொன்னால், ‘காதலுக்காக எதையும் செய்வேன், ஆனால் அதை மட்டும் செய்யமாட்டேன்’. எழுதி, மெட்டமைத்து, தயாரித்தவர் ஜிம் ஸ்டைன்மன். ‘பேட் அவுட் ஆஃப் ஹெல் 2: பேக் இன்டு ஹெல்’ என்ற ஆல்பத்தின் முதல் பாட்டு இது. 28 நாடுகளில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரமும் பிரிட்டனில் ஏழு வாரமும் உச்சியில் இருந்தது. பிரிட்டனில் அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற சிங்கிளும் இதுதான். ராக் பாடகருக்கான கிராமி விருதை 1994-இல் மீட் லோஃபுக்கு வாங்கித் தந்ததும் இதுவே.

இத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டு. ஆனாலும் கேட்டவர்களில் பெரும்பாலானோர் மனத்தில் நின்றது ஒரே கேள்விதான்: எதைச் செய்யமாட்டேன் என்கிறான்?

சரி, நேராகச் சொல்லுங்கள். அந்த ‘அது’ என்ன?

பாட்டிலேயே பதில் இருக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு முறை ‘அதைச் செய்யமாட்டேன்’ என்று அவன் பாடும்போதும், அதற்குக் கொஞ்சம் முன்பு பாடிய வரியைத்தான் சுட்டுகிறான்.

முதலில், உனக்காக நரகத்துக்குள் ஓடிப்போய்த் திரும்பி வருவேன், உன்னிடம் ஒருநாளும் பொய் சொல்லமாட்டேன் என்கிறான். அடுத்து, இந்தக் கணத்தில் உன் உணர்வை ஒருபோதும் மறக்கமாட்டேன் என்கிறான். அதற்கப்புறம்தான் ‘அதைச் செய்யமாட்டேன்’ வருகிறது. அதாவது, மறப்பது. அதுதான் முதல் ‘அது’.

அடுத்த சுற்றில், கடைசிக் காட்சி வரை உடன் இருப்பேன், சபதம் செய்து ஒப்பந்தத்தில் முத்திரை வைப்பேன் என்கிறான். இந்த இரவில் நாம் முழுமையாக ஒன்று சேராமல் போனால் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்கிறான். இரண்டாவது ‘அது’, தன்னை மன்னித்துக்கொள்வது. பிறகு, உன்னோடு அமைந்ததுபோல் வேறு யாரோடும் எனக்கு அமையப்போவதில்லை என்கிறான். இன்னோர் இடத்தில், வாழ்நாளின் எந்த இரவிலும் உன்னைக் கனவு காண்பதை நிறுத்தமாட்டேன் என்கிறான்.

இதைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் குழப்பமே வராது என்பது என் அனுபவம். ‘மறக்கமாட்டேன்’, ‘மன்னிக்கமாட்டேன்’, ‘நிறுத்தமாட்டேன்’, ‘செய்யமாட்டேன்’. எல்லாம் ஒரே ‘மாட்டேன்’. முதல் ‘மாட்டேனை’க் கடைசி ‘மாட்டேன்’ எதிரொலிப்பது காதுக்கே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஒரு சொல், கடைசிக்கு வேறு சொல். அதனால் இரண்டும் ஒரே சரடு என்பது அங்கே மறைந்துபோகிறது.

இவ்வளவு தெளிவு என்றால் ஏன் இத்தனை பேருக்குப் புரியவில்லை?

தூரம் ஒரு காரணம். ‘மறக்கமாட்டேன்’ என்ற வரிக்கும் ‘அதைச் செய்யமாட்டேன்’ என்ற வரிக்கும் நடுவில், ‘காதலுக்காக எதையும் செய்வேன்’ என்று மூன்று முறை முழங்குகிறான். டிரம், பியானோ, பின்னணிக் குரல்கள் எல்லாம் சேர்ந்து அந்த வரியைத் தூக்கிப் பிடிக்கின்றன. அது முடிவதற்குள் முந்தைய வரி மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. சுட்டுப்பெயர் கையில் இருக்கிறது, சுட்டப்பட்ட பொருளைக் காணோம்.

‘ஆனால்’ என்ற சொல் இன்னொரு காரணம். ‘எதையும் செய்வேன், ஆனால்’ என்று ஒருவன் இழுத்தால் ஏதோ ஒரு நிபந்தனை வரப்போகிறது என்றுதான் நாம் நினைப்போம். ‘உனக்காக உயிரையும் கொடுப்பேன், ஆனால் கடன் மட்டும் கேட்காதே’ என்பதுபோல. இந்தப் பாட்டில் அந்த ‘ஆனால்’ காதலைக் குறைக்க வரவில்லை. காதலைக் கைவிடும் செயல்களைத்தான் அது விலக்குகிறது.

இசை வேறு சதி செய்கிறது. அந்த வரி வரும்போது கருவிகள் எல்லாம் விலகிக்கொள்கின்றன, குரல் தாழ்கிறது. ரகசியம் சொல்லும் தொனி. ரகசியம் என்றால் தேடத்தானே தோன்றும்?

ஏதோ சொல்லக்கூசும் படுக்கையறை விஷயம் என்கிறார்களே?

இல்லை. பாட்டில் உடல் ஆசை வெளிப்படையாகவே இருக்கிறது. அவன் அதை ஒளிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. காமமும் டிரம்மும் ராக் அண்ட் ரோலும் ஆளும் கடவுளிடம் சில நாள் வேண்டிக்கொள்கிறேன் என்றே ஒரு வரி வருகிறது. அப்படிப் பாடுகிறவன் ஒரு சுட்டுச்சொல்லுக்குப் பின்னால் ஒளிய வேண்டிய அவசியம் இல்லை.

எழுதியவரும் பாடியவரும் என்ன சொன்னார்கள்?

‘அது’ வரும் ஒவ்வொரு இடத்திலும் அதன் பொருள் பாட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்று, பாட்டு வெளிவந்த காலத்துப் பேட்டியிலேயே ஸ்டைன்மன் சொல்லிவிட்டார். அழகான செயல்களை நிறுத்தமாட்டேன், கெட்ட செயல்களைச் செய்யமாட்டேன் என்பதுதான் சாரம் என்றார். ஆர்தர் மன்னனின் வீரன் லான்சலாட்டின் உலகத்திலிருந்து வந்த பாட்டு போல இதை அவர் பார்த்தார். பழங்கால வீரனின் பெருந்தன்மை அது.

மீட் லோஃபை இந்தக் கேள்வி வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. 1998-இல் விஎச்1 சேனலின் ‘ஸ்டோரிடெல்லர்ஸ்’ நிகழ்ச்சியில் கரும்பலகையை வைத்து, கையில் குச்சியோடு, பள்ளி வாத்தியார் போல வரிவரியாக விளக்கினார். அதற்குப் பிறகும் கேட்டார்கள்.

இதைத் தியாகப் பாட்டு என்கிறார்களே. இதில் தியாகம் எங்கே இருக்கிறது?

பலரும் நரகத்துக்கு ஓடும் வரியைக் காட்டுவார்கள். எனக்கு அது தியாகமாகத் தெரியவில்லை. காதல் வந்த புதிதில் எல்லோரும் சொல்வதுதான் அது. மலையைப் புரட்டுவேன், கடலைத் தாண்டுவேன் என்று சொல்லிவிடலாம். யாரும் மலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துப் புரட்டச் சொல்லப்போவதில்லை.

இந்தப் பாட்டின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. நடுவே சில வரிகள் வருகின்றன, அவற்றைக் கவனியுங்கள். சில நாள் சுலபமாக வருவதில்லை, சில நாள் வருவதே இல்லை, அந்த நாள்களுக்குத்தான் முடிவே இல்லை என்கிறான். சில இரவில் நீ நெருப்பைக் கக்குகிறாய், சில இரவில் பனிக்கட்டியில் செதுக்கியவள் போல இருக்கிறாய் என்கிறான். சேர்ந்து வாழ்ந்த யாருக்கும் இது தெரியும். பேசாமல் கழிந்த இரவு, ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள்களையும் சேர்த்துத்தான் அவன் ‘எதையும்’ என்கிறான்.

அவன் விட்டுக்கொடுப்பது உயிரை இல்லை, பொருளை இல்லை. பிரிந்துபோகும் உரிமையை. மறந்துவிட்டு இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கும் வசதி ஒவ்வொரு மனிதனுக்கும் இருக்கிறது. காயம் ஆறுவதே அப்படித்தான். அந்த வாசலைத் தன் கையால் பூட்டிக்கொள்கிறான். என்னால் காப்பாற்ற முடிந்த ஒரே ஒரு வாக்குறுதி இது என்று அவனே சொல்லும் வரி ஒன்று உண்டு. அதில் பெருமிதம் எதுவும் கேட்கவில்லை. தனிமையைத் தவிர வேறு எதற்கும் தகுதியில்லாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, அடுத்த மூச்சில்தான் அதைச் சொல்கிறான். மற்ற எதையும் காப்பாற்ற முடியாமல் போகலாம், இதை மட்டும் காப்பாற்றுவேன் என்கிற ஒருவனின் குரல் அது.

பாட்டின் கடைசியில் ஒரு பெண் வந்து கேள்வியாகக் கேட்கிறாளே, ஏன்?

முழுப் பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக ஓர் ஆண் தனியாகவே வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று எதிரில் இருப்பவளின் குரல் வருகிறது. அவளுக்கு அவன் கவிதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

என்னைத் தூக்கி நிறுத்துவாயா? இந்தப் பாழும் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போவாயா? இந்தக் குளிரைக் கொஞ்சம் குறைப்பாயா? ஒவ்வொன்றுக்கும் அவன் பதில், என்னால் முடியும் என்பதுதான். கறுப்பு வெள்ளையில் அலுத்துப்போன என் வாழ்க்கைக்கு நிறம் தருவாயா, இந்த மணல் துகள்களைக் கொண்டு ஒரு மரகத நகரம் கட்டுவாயா என்றும் கேட்கிறாள்.

மரகத நகரம் ‘ஓஸ்’ மந்திரவாதியின் கதையில் வருவது. 1939-இல் வந்த அதன் திரைப்படத்தில், கதாநாயகி தன் ஊரில் இருக்கும்வரை படம் பழுப்பு நிறம். மாய உலகத்தில் காலெடுத்து வைத்ததும் வண்ணம். பாழும் ஊர், நிறமில்லாத வாழ்க்கை, மரகத நகரம் மூன்றையும் ஸ்டைன்மன் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கச் சிற்றூரில் வளரும் எந்தப் பெண்ணும் சின்ன வயதில் பார்த்த படம் அது. அந்தச் சிறுமியின் ஆசையைத்தான் இவள் பெரியவளானபின் கேட்கிறாள்.

அப்புறம்தான் திருப்பம். கேள்விகளை நிறுத்திவிட்டு அவள் ஆருடம் சொல்லத் தொடங்குகிறாள். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடுவாய், இது ஒரு கோடைக்கால இரவின் சின்ன விளையாட்டு என்று நினைத்து நகர்ந்துபோவாய் என்கிறாள். நான் நிறையப் பார்த்தவள், எல்லாம் தூசியாகும், இன்றோ நாளையோ வேறு பெண்களோடு சுற்றத்தான் போகிறாய் என்கிறாள். இந்த இரண்டுக்கும் அவன் சொல்வது: அதைச் செய்யமாட்டேன்.

இங்கே ‘அது’ அருகிலேயே, அவள் வாயிலிருந்தே வருகிறது. இனிக் குழப்பத்துக்கு இடமில்லை. முதல் ‘அது’ மறப்பது; கடைசியில் அவள் அஞ்சுவதும் அவன் மறந்துவிடுவான் என்றுதான். அவள் கேட்கும் முன்பே பதிலைச் சொல்லிவிட்டான், ஆனால் அவள் கேட்டபிறகுதான் நமக்கு அது புரிகிறது.

‘உன்னை நினைத்தேன்’ என்று காதலன் சொன்னால், ‘அப்படியானால் நடுவில் மறந்திருந்தீரா’ என்று ஊடுகிற தலைவியை நம் பழைய பாட்டுகளில் படித்திருக்கிறோம். சொன்ன வாக்கைவிட, அதன் அடியில் கிடக்கும் சொல்லாத பயம்தான் அவள் காதில் விழும். இந்த அமெரிக்கப் பெண்ணுக்கும் அதே காது.

அந்தப் பெண் குரல் யாருடையது? வீடியோவில் வருபவர்தானா?

குரல் லொரெய்ன் க்ராஸ்பி என்ற இங்கிலாந்துப் பாடகியுடையது. வீடியோவில் வாயசைப்பவர் டேனா பேட்ரிக்.

க்ராஸ்பியின் கதை தமிழ் சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். அவர் பாடியது ‘டிராக்’தான். பெரிய பாடகி ஒருவர் பின்னால் வந்து பாடுவார், அதுவரை வழிகாட்ட ஒரு குரல் வேண்டும் என்று பாடவைத்தார்கள். மாதங்கள் கழித்து, அந்தக் குரலையே வைத்துக்கொள்கிறோம் என்று முடிவானது. ஆல்பத்தின் அட்டையிலோ அவர் பெயர் ‘மிசஸ் லவுட்’ என்றுதான் இருந்தது. உலகமே கேட்ட குரலுக்கு முகமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். பாட்டின் மிக உண்மையான வரிகளைப் பாடியவர் அவர்.

1977-இல் இவர்கள் செய்த பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்பது என் வாசிப்பு. அந்த ஆண்டு வந்த ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ உலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. அதில் ‘பேரடைஸ் பை தி டேஷ்போர்டு லைட்’ என்று ஒரு பாட்டு. காருக்குள் ஓர் இளம் ஜோடி. எல்லை தாண்டும் நேரத்தில் அவள் நிறுத்திக் கேட்கிறாள்: என்றென்றும் என்னைக் காதலிப்பாயா? அவன் காலையில் சொல்கிறேன் என்று மழுப்புகிறான். கடைசியில் வேறு வழியில்லாமல், காலம் முடியும்வரை காதலிப்பேன் என்று சத்தியம் செய்துவிடுகிறான். அதற்குப் பிறகு, காலம் சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே எழுத்தாளர், அதே பாடகர். இப்போதும் ஒரு பெண் நிறுத்திக் கேட்கிறாள். இந்த முறை அவன் மழுப்பவில்லை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே சத்தியம் செய்துவிட்டான். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இருபது வயதுப் பையனும் நாற்பத்தைந்து வயது ஆணும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும்.

நடுவில் அவர்களும் சும்மா இருக்கவில்லை. முதல் ஆல்பத்தின் வெற்றிக்குப் பிறகு மீட் லோஃபின் குரல் போனது, வழக்குகள் வந்தன, 1980-களில் திவாலானார், இருவருக்கும் இடையே விரிசலும் விழுந்தது. பிறகு திரும்பச் சேர்ந்து செய்த ஆல்பம்தான் இது. பிரிந்தவர்கள் திரும்பி வந்து, ‘விட்டுப் போகமாட்டேன்’ என்று ஒரு பாட்டைச் செய்கிறார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1977 பாட்டிலும் ஒலித்தட்டில் பாடியவர் எல்லன் ஃபோலி, படமாக்கியபோது வாயசைத்தவர் கார்லா டெவிட்டோ.

வீடியோவில் வரும் மிருக மனிதன் யார்?

வீடியோவை எடுத்தவர் மைக்கேல் பே, பெரிய திரைப்படங்களுக்குப் போகும் முன்பு. அழகியும் மிருகமும் கதையையும், ஓபராவின் முகமூடி மனிதன் கதையையும் கலந்து செய்தது. கோரமான முகத்தோடு மோட்டார் சைக்கிளில் போலீஸிடமிருந்து தப்பி ஓடுகிறவன், தன் மாளிகையில் அவளைச் சந்திக்கிறான். அவள் அவன் முகத்தைத் தொடும்போது மனித முகம் திரும்புகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டின் பொருளுக்கு அது உதவவில்லை என்று நினைக்கிறேன். சாபம் பிடித்த ஒருவனைப் பார்த்தவுடன், அவன் செய்யமாட்டேன் என்பதும் ஏதோ சாபம் தொடர்பான பயங்கரம் என்று தோன்றிவிடுகிறது. வரிகளில் இருப்பவன் சாதாரண மனிதன்.

எந்த வடிவத்தைக் கேட்க வேண்டும்?

ஆல்பத்தில் இருக்கும் ஏறத்தாழ 12 நிமிட வடிவத்தை. வானொலிக்கென்று ஐந்து நிமிடச் சொச்சத்துக்கு வெட்டியதில் பாதிக்கு மேல் போய்விட்டது. வாக்குறுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதைக் கேட்டால்தான் அவளுடைய சந்தேகத்துக்கு எடை வரும். முதல்முறை கேட்பவர்கள் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘மாட்டேன்’ வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வந்தால் போதும்.

தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் உறுமுவது போன்ற சத்தம் கிட்டாரில் வருவது. 1977 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலும், அதைத் தயாரித்த டாட் ரண்ட்கிரென் கிட்டாரிலேயே வண்டியை ஓட்டிக் காட்டியிருந்தார். இந்தப் பாட்டின் பின்னணிக் குரல்களிலும் அவர் இருக்கிறார். பியானோ வாசித்தவர் இரண்டு ஆல்பத்திலும் ராய் பிட்டன்தான்.

இவ்வளவு உணர்ச்சிக் கொட்டல் கொஞ்சம் மிகையாக இல்லையா?

மிகைதான், வேண்டுமென்றே. ஸ்டைன்மன் கல்லூரி நாளிலிருந்தே மேடை இசைநாடகம் எழுதியவர், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களை நேசித்தவர். மீட் லோஃபும் மேடை நடிகராக இருந்து வந்தவர். பாட்டைப் பாடமாட்டார், பாத்திரமாகவே நிற்பார். கூத்தில் ராஜா பேசுவதைப் பார்த்து, ஏன் இவ்வளவு சத்தம் என்று நாம் கேட்பதில்லையே. அந்தக் காதோடு இதையும் கேட்க வேண்டும். 2017-இல் மான்செஸ்டரில் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ மேடை இசைநாடகமாக வந்தபோது இந்தப் பாட்டும் அதில் இடம்பெற்றது. போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் அவள் நம்பினாளா?

பாட்டு சொல்வதில்லை. வேறு பெண்களோடு சுற்றுவாய் என்று அவள் சொல்ல, அவன் மறுக்கிறான். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் மட்டும் தலைப்பு வரியைக் கத்தாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இன்னொரு முறை பாடுகிறான். ஸ்டைன்மன் 2021 ஏப்ரலில் காலமானார். ஒன்பது மாதம் கழித்து, 2022 ஜனவரி 20 அன்று மீட் லோஃபும் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த இரவு நான் 12 நிமிடத்தையும் கேட்டேன். அவள் பேசும் இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.